துபாசியாக இருந்த நான்கு நாட்கள்

ஜூன் பிறந்து மேற்கே மலை கறுத்துவிட்டால் எங்கள் குத்துக்கல்வலசையிலும் வெளியூர் முகங்கள் தென்பட ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் அறை கிடைக்காதவர்கள், தென்காசியில் வழி தவறியவர்கள், தெரிந்தவர் வீட்டைத் தேடி வருகிறவர்கள் என்று யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து விசாரிப்பார். போன மாதம் அப்படி ஒரு இளைஞர் வந்தார். புனேயிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வருகிறாராம். இங்கே பார்க்க என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி, சங்கு வடிவத்தில் அமைந்த திருக்குற்றாலநாதர் கோயில், சித்திர சபை, தென்காசி காசி விசுவநாதர் கோயில் என்று வரிசையாகச் சொன்னேன். இரவு பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டா சாப்பிடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எல்லாம் சொன்னிய. சாப்பிட்டாச்சான்னு கேட்டியளா?"

கேட்கவில்லை.

"அம்மா இருந்தா விட்டிருப்பாளா?" என்றாள்.

அம்மா என்று அவள் சொன்னது என் மாமியாரை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நாற்பது வருஷத்துப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை என்பது இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். பிறந்தது புதுச்சேரியில். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை 1954இலேயே ஒப்படைத்துவிட்டாலும் சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் தேதிதான். என் பள்ளிப்படிப்பு இந்த இடைக்காலத்தில் பிரெஞ்சு வழியிலேயே தொடங்கி, அப்படியே முடிந்தும்விட்டது. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. லுவார் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். தாமிரபரணி எந்த மலையில் பிறக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். தாமிரபரணியைக் கற்றுக்கொடுத்தது கல்யாணம்தான்.

1975இல் மணமுடித்து முதன்முதலாக இங்கே வந்தேன். விழுப்புரத்தில் இரவு கொல்லம் மெயிலில் ஏறினால் மறுநாள் பகலில் தென்காசி. இறங்கி வெளியே வந்ததும் ராஜகோபுரம் எங்கே என்று பார்த்தேன். அப்போது அது மேல்நிலைகள் இடிந்துபோய் மொட்டையாக நின்றது. இன்று நாம் பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1990இல்தானே. கோபுர வாசலில் நுழைந்தபோது காற்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மச்சினர்கள் சிரித்தார்கள். புது மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப்போவதே இந்தக் காற்றில் மாட்டிவிடத்தான் என்று பிறகு தெரிந்தது.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குப் புதிதாக இருந்தது. குத்துக்கல் புரிந்தது, செங்குத்தாக நட்ட கல். வலசை புரியவில்லை. பறவைகள் வலசை போகின்றன என்கிறோமே, அந்த வலசைதான், இடம்பெயர்ந்து போய்த் தங்குவது என்று மாமனார் சொன்னார். வந்து தங்கியவன் என்ற முறையில் எனக்கும் பொருத்தமான ஊர்தான். ஓய்வு பெற்றபின் 2010இல் நானும் வலசை வந்துவிட்டேன்.

ஆனால் அந்த நாட்களில் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. பயணிகள் எழுதிய புத்தகங்களைப் பிரெஞ்சிலேயே படித்தவன் என்ற கர்வம். பியேர் லொத்தி என்று ஒரு கடற்படை அதிகாரி, பெரிய நாவலாசிரியர். 1899 கடைசியில் இலங்கை வழியாக வந்து, திருவிதாங்கூர், மதுரை, தஞ்சாவூர், சீரங்கம், புதுச்சேரி என்று பார்த்துக்கொண்டு காசி வரை போனார். அந்தப் பயணம் 1903இல் 'ஆங்கிலேயர் இல்லாத இந்தியா' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. பெயருக்கேற்றபடி ஆங்கிலேயரைப் பற்றி அதில் பேச்சு மிகக் குறைவு. கோபுரங்களையும் இருட்டுப் பிராகாரங்களையும் அவர் வர்ணித்திருக்கும் அழகில் மயங்கிப்போனவன் நான். நம் ஊர் என்றால் அதுதான், அதைத்தான் வருகிறவர்களுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1984ஆம் வருஷம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருந்தன. பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் கையெழுத்தில். பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தாக்கள் குறைந்துகொண்டே வந்ததால் நகல் எடுத்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்கு ஒரு கறாரான விதி உண்டு. மூலத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுதவேண்டும். ஓர் எழுத்து பூச்சி அரித்துப் போயிருந்தால் 'படிக்க இயலவில்லை' என்று குறிக்கவேண்டுமே தவிர, ஊகித்து நிரப்பக்கூடாது. பதிமூன்று வருஷம் அந்த விதியை நான் மீறியதில்லை.

ஜூலை மாதம் ஒரு பிரெஞ்சுப் பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பள்ளி ஆசிரியை. தன் கொள்ளுத்தாத்தா புதுச்சேரியில் இறந்தார் என்றும் அவருடைய இறப்புப் பதிவு வேண்டும் என்றும் சொன்னார். வருஷம் சரியாகத் தெரியவில்லை. மூன்று நாள் தூசியைத் தின்று தேடினேன். கிடைத்துவிட்டது. நகலைக் கையில் வாங்கியபோது அவர் கண் கலங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்காக இந்தப் பதிவு என்று கேட்கவும் இல்லை. விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையே.

ஒரு நாள் அவரை வீட்டுக்குக் காபி சாப்பிட அழைத்திருந்தேன். அடுத்த வாரம் சாரலுக்கு ஊருக்குப் போகிறோம் என்று பேச்சு வந்தது. "தனியா எங்கெங்கோ சுத்தப் போறதுக்கு நம்மகூட வரட்டுமே" என்றாள் என் மனைவி. அப்படித்தான் அந்தப் பெண் எங்கள் இரண்டு பிள்ளைகளோடும் முறுக்கு டின்னோடும் கொல்லம் மெயிலில் ஏறினார்.

நான்கு நாட்கள். நான்தான் துபாசி.

இந்தச் சொல் இப்போது வழக்கில் இல்லை. இரண்டு மொழி தெரிந்தவன் என்று பொருள். எங்கள் புதுச்சேரியில் துபாசி என்றால் ஆனந்தரங்கப் பிள்ளைதான். துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது தலைமைத் துபாசி. 1736 முதல் 1761 வரை, கிட்டத்தட்டச் சாகும்வரை, தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்தவர். கவர்னருக்கும் ஊருக்கும் நடுவே அவர் நின்றது போல, அந்தப் பெண்ணுக்கும் குத்துக்கல்வலசைக்கும் நடுவே நான் நிற்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

முதல் நாள் தென்காசிக் கோயில். பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று ஓர் அரசன் எழுதிவைத்திருக்கிறான் என்றதும் வியந்துபோனார். இரண்டாம் நாள் சித்திர சபை. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் இது ஒன்று, இங்கே சிலையாக இல்லாமல் ஓவியமாக இருக்கிறார் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் நான் காட்டியதைவிட, நான் காட்டாததைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மெல்ல எனக்குப் புரிந்தது.

சந்தையில் அத்தை காய் வாங்கியபோது, காசு கொடுத்து முடித்தபின் காய்க்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் கூடைக்குள் போட்டார். அதற்குக் காசு உண்டா என்று கேட்டார் பிரெஞ்சுப் பெண். இல்லை, கொசுறு என்றேன். கொசுறுக்குப் பிரெஞ்சில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பூக்காரம்மா முழம் போட்டதையும் நின்று பார்த்தார். ஆளுக்கு ஆள் கை நீளம் வேறுபடுமே, அளவு தப்பாதா என்று கேட்டார். நீளக் கைக்காரியிடம் வாங்கத் தெரியவேண்டும் என்று என் மனைவி சொன்னதை மொழிபெயர்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நடந்ததை மனைவி சொல்லித்தான் அறிவேன். தயங்கி ஓரமாக நின்றவரை, யாரோ முன்பின் தெரியாத ஒரு கிழவி கையைப் பிடித்து இழுத்துப்போய், தன்னிடமிருந்த எண்ணெயை அவர் தலையில் வைத்துத் தேய்த்து, அருவிக்குள் நிறுத்திவிட்டாராம். வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார். முகம் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. அந்தக் கிழவி யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் ஏன் செய்தார்? அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இருக்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு எண்ணெய் கொடுப்பது வழக்கம் என்று ஏதோ சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம் உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, அரிசியோடு தேங்காயும் பூண்டும் வெந்தயமும் போட்டு வடிக்காமல் பொங்கி, எள்ளுத் துவையலோடு நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடுவது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கூடத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தை பரிமாறினார். கல்யாணமான புதிதில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னோடு பேசுவார். ஒன்பது வருஷத்தில் அது கொஞ்சம் மாறியிருந்தது. அந்தப் பெண்ணின் இலைக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மாப்ள, அந்தப் பிள்ளைட்ட கேளுங்க. அதுக்கு அம்மை இருக்காளா? பொம்பளப் பிள்ளைய இம்புட்டுத் தூரம் ஒத்தையில அனுப்பிட்டு அவ எப்பிடித் தூங்குதா?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் வயது, சம்பளம், குடும்பம் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்று வகுப்பில் எங்கள் முசியே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் கல்வெட்டும் சபையும் சொல்லி வைத்திருந்த மரியாதையெல்லாம் இந்த ஒரு கேள்வியில் போய்விடும் என்று பட்டது. நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரே.

"துவையல் காரமாக இருக்கிறதா என்று கேட்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லை இல்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார்.

அத்தை பதிலுக்குக் காத்திருந்தார். "அம்மா இருக்காங்களாம். சுகமா இருக்காங்களாம்" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி சோற்றை அந்த இலையில் வைத்தார் அத்தை. நானும் சமாளித்துவிட்டோம் என்று சாப்பிட ஆரம்பித்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அத்தை அவர் தலையில் கைவைத்து, "அம்மைட்ட கேட்டதாச் சொல்லு" என்று தமிழிலேயே சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை.

டிசம்பர் மாதம் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. நன்றியெல்லாம் எழுதியபின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. (கடிதம் இப்போது என்னிடம் இல்லை, சாரத்தைச் சொல்கிறேன்.) அன்று இலைக்கு முன்னால் உங்கள் மாமியார் கேட்டது நீளமாக இருந்தது, நீங்கள் எனக்குச் சொன்னது சின்னதாக இருந்தது. அவர் பேசியதில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. உங்கள் குழந்தைகள் நாளெல்லாம் கூப்பிடுகிற வார்த்தை போலவே இருந்தது அது. என் அம்மா இந்த வருஷம் மார்ச் மாதம் இறந்துவிட்டார். புதுச்சேரித் தாத்தாவின் பதிவைத் தேடியது அவருக்காகத்தான். அவர் நெடுநாள் பார்க்க ஆசைப்பட்டது. உங்கள் மாமியார் என்ன கேட்டார் என்று உண்மையாகச் சொல்வீர்களா?

படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பூச்சி அரித்த ஓர் எழுத்தைக்கூட ஊகித்து எழுதாத குமாஸ்தா, உயிரோடு எதிரே இருந்த இரண்டு பெண்களின் பேச்சை இரண்டு பக்கமும் பொய்யாக எழுதியிருக்கிறேன். இறந்துபோன ஒருவரைச் சுகமாக இருக்கிறார் என்று பதிவு செய்திருக்கிறேன்.

அன்றிரவே பதில் எழுதினேன். கேள்வியை வார்த்தைக்கு வார்த்தை, 'எப்படித் தூங்குகிறாள்' என்பது வரை எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். ஒரு மாதத்தில் சின்னக் கடிதம் வந்தது. இந்தியாவில் மூன்று மாதம் சுற்றினேன், எல்லோரும் எனக்கு ஏதாவது சொன்னார்கள், காட்டினார்கள், உங்கள் மாமியார் ஒருவர்தான் என்னைக் கேட்டார் என்று எழுதியிருந்தார்.

அத்தையிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. பொங்கலுக்குப் போனபோது, "அந்தப் பிள்ளையோட அம்மை சுகமா இருக்காளா? கடுதாசி வந்துதா?" என்று அவரே கேட்டார். ம், என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டேன். "நீங்களே சொல்லிருங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி. அடுத்த சாரலுக்குப் போனபோது, அத்தை அரிவாள்மனையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு, "அதான் அந்தப் பிள்ள சோத்தை அளைஞ்சிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "ஆபீஸ்லயும் இப்பிடித்தான் எழுதுவியளா மாப்ள?" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1996இல் அவர் காலமாகும் வரை இந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பயணிகள் எழுதியதை நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். லொத்தியின் அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கும் ஊருக்கும் நடுவே யாராவது ஒருவன் நின்றிருப்பானே, அவன் எதைச் சொன்னான், எதை முழுங்கினான் என்று யோசனை போகும். அபே துபுவா என்று ஒரு பாதிரியார். 1792இல் வந்து, முப்பத்தோரு வருஷம் மைசூர்ச் சீமையிலும் தமிழ்நாட்டிலும் நம்மைப்போலவே உடுத்தி, நம் சாப்பாட்டையே சாப்பிட்டு வாழ்ந்தவர். நம் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதியது 1816இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூறு வருஷத்துக்கு மேல் வெள்ளைக்காரர்களுக்கு அதுதான் வேதம். அதில் பெரும்பகுதி அவருக்கு முன்பு வாழ்ந்த கேர்து என்ற பாதிரியாரின் கைப்பிரதியிலிருந்து எடுத்தது என்று 1987இல் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள். முப்பத்தோரு வருஷம் இங்கேயே இருந்தவரும் இன்னொருவர் எழுதிவைத்ததைத்தான் எடுத்துக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது.

நம் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் கோயிலைக் காட்டுகிறோம், அருவியைக் காட்டுகிறோம். காட்டவேண்டியதுதான். பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டைவிடப் பெரிய விஷயம் என்று நான் அத்தையின் கேள்வியைச் சொல்லவரவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத, இனிப் பிறக்கப்போகிறவர்களை நினைத்து அவர்கள் காலில் விழுந்த அந்த அரசனின் புத்தியும், கடல் தாண்டி முகமே பார்த்திராத ஒரு தாய்க்குத் தூக்கம் வருமா என்று நினைத்த அத்தையின் புத்தியும் ஒரே மண்ணில் விளைந்தவைதானே. முதலாவதைப் பெருமையாகச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல வெட்கப்பட்டேன். படித்த படிப்பு அப்படிச் செய்துவிட்டது என்று தப்பித்துக்கொள்ளலாம். படிப்பின்மேல் பழி போடுவது சரியில்லை. பயம் என்னுடையது.

புனே இளைஞர் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாம் நாள் காலை அவர் ஊர் திரும்பும் வழியில், நன்றி சொல்ல எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் எழுந்திருப்பதற்குள் என் மனைவி வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் கிடையாது, அவருக்குத் தமிழ் கிடையாது.

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. வீட்டுல அம்மா இருக்காளா, இப்பிடி வண்டியில சுத்துறது அவளுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

ஒரு சொல் விடாமல் கேட்டேன். அந்தப் பையன் சிரித்துவிட்டு, அம்மா தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வார், எடுக்காவிட்டால் ரகளைதான் என்றார். கைப்பேசியில் படமும் காட்டினார். என் மனைவி உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"நல்ல களையான முகம். ஆனா என்ன இப்பிடி மெலிஞ்சிருக்கா? சுகர் கிகர் இருக்கான்னு கேளுங்க" என்றாள்.

ஒரு கணம் தயங்கினேன். பிறகு அதையும் கேட்டேன். இருக்கிறதாம், ஆறு வருஷமாக. இட்லி வெந்து இறங்கும்வரை இருவரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நடுவில் நான் துபாசி.